மூன்று ஆறுகளும் ஓர் ஓட்டமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டபோது, 'மாரத்தான் ஓடியவர்களின் அனுபவங்கள்' என்று தலைப்பைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, இது இலக்கிய வட்டம்" என்றார். அறிந்துதான் சொல்கிறேன் என்றேன். பத்தாண்டுகளாக இந்த வட்டத்தில் படிக்கப்பெற்ற கவிதைகளைக் கேட்டு வந்தவன் நான். அவற்றில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதை நேராகச் சொல்லாமல், ஓட்டக்காரர்கள் வழியாகச் சுற்றிவந்து சொல்லலாம் என்று நினைத்தேன். பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

மாரத்தான் என்பது 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் கொண்ட ஓட்டம். கி.மு. 490இல் மாரத்தான் வெளியில் நடந்த போரின் வெற்றிச் செய்தியை ஏதென்சுக்குச் சுமந்து ஓடி, சொல்லி முடித்ததும் உயிர்விட்ட தூதன் ஒருவனின் கதையிலிருந்து அதன் பெயர் வந்தது. கதை எவ்வளவு உண்மை என்பதில் ஐயம் உண்டு. ஆனால் 1896இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் அந்த ஓட்டத்தை வென்றவர் உண்மையான மனிதர். மாரூசி என்ற ஊரைச் சேர்ந்த ஸ்பிரிடான் லூயிஸ். தண்ணீர் சுமந்து விற்றுப் பிழைத்தவர் என்று சொல்வார்கள். 1960இல் ரோம் நகரில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடி வென்றார். நம் நாட்டில் 1978இல் ஜலந்தரில் சிவநாத் சிங் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தார். அந்தச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அவரும் வெறுங்காலோடு ஓடியவர். இவர்களெல்லாம் வென்றவர்கள். நான் பேச வந்தது வெல்லாதவர்களைப் பற்றி. நான்கு மணி நேரமும் ஐந்து மணி நேரமும் ஆறு மணி நேரமும் எடுத்துக்கொண்டு, யாரையும் வெல்லாமல் ஓடி முடிப்பவர்களைப் பற்றி.

நம் நகரில் 2006இல் தொடங்கிய சென்னை ரன்னர்ஸ் என்ற குழு நடத்தும் மாரத்தான் பல ஆண்டுகளாக ஜனவரித் தொடக்கத்தில் நடந்து வருகிறது. முழு ஓட்டக்காரர்கள் விடியுமுன் நான்கு மணிக்கு நேப்பியர் பாலத்தருகே புறப்படுகிறார்கள். 1869இல் கட்டப்பெற்ற அந்தப் பாலம் கூவத்தின் முகத்துவாரத்தில் நிற்பது. அங்கிருந்து கடற்கரைச் சாலை, சாந்தோம், பின்பு அடையாற்றுப் பாலம், அதற்கும் அப்பால் தெற்கு. ஆண்டுக்கு ஆண்டு பாதை சற்று மாறும். திசை மாறியதாக நான் அறியவில்லை.

நானும் ஒரு முறை அதில் ஓடினேன். ஐம்பது வயதைக் கடந்த பின்பு, மருத்துவர் நடக்கச் சொன்னார் என்று நடக்கத் தொடங்கி, நடை ஓட்டமாகி, ஓட்டம் பிடிவாதமாகி, அங்கே போய் நின்றேன். திருவொற்றியூரிலிருந்து நண்பர் ஒருவர் வண்டியில் அழைத்துச் சென்றார். மணி மூன்று. நகரம் உறங்குகிறது என்று எண்ணினேன், காசிமேடு விழித்திருந்தது. கூடைகள் இறங்குகின்றன, ஏலக் குரல் கேட்கிறது, பனிக்கட்டி உடைபடுகிறது. அரை மணி கழித்து நேப்பியர் பாலத்தில் இன்னொரு கூட்டம் விழித்து நின்றது. கையைக் காலை உதறுகிறார்கள், எண் அச்சிட்ட துணியை மார்பில் குத்திக்கொள்கிறார்கள். இரண்டு விழிப்புக்கும் இடையே ஏழு கிலோமீட்டர்தான். ஒன்று மற்றொன்றை அறியாது.

புறப்பட்ட சிறிது நேரத்தில் உழைப்பாளர் சிலை வருகிறது. ராய் சௌத்ரி வடித்து, 1959இல் நிறுவப்பெற்றது. நான்கு பேர் ஒரு பாறையை நெம்புகிறார்கள். இருட்டில் அதைத் தாண்டிப் போகும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. எல்லோரும் தங்கள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முதல் பத்துக் கிலோமீட்டர் வரை எல்லோரும் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். இருபதாவது கிலோமீட்டரில் பேச்சு குறைகிறது. முப்பதுக்குப் பிறகு கேட்பது கால்களின் ஓசை மட்டும்.

முப்பதுக்குப் பிறகு நடப்பதை மருத்துவ நூல்கள் விளக்குகின்றன. உடல் தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய அந்தத் தொலைவில் தீர்ந்துபோகிறது. பின்பு கொழுப்பை எரித்துத்தான் ஓட வேண்டும். அது மெதுவாக எரியும் விறகு. கால் கனக்கிறது. மனம் கணக்குத் தவறுகிறது. சென்னையில் அதோடு இன்னொன்று சேர்கிறது. நம் கடற்கரைக் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். இங்கே வியர்வை வழிகிறது, உலர்வதில்லை. அதோடு உப்பும் போகிறது. தாகம் என்று வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து தலைசுற்றி விழுபவர்களும் உண்டு. முப்பத்து நான்காவது கிலோமீட்டரில் நான் சாலையோரம் உட்கார்ந்தேன். தண்ணீர்ப் பந்தலில் நின்ற கல்லூரிப் பெண் ஒருத்தி ஓடிவந்து, உப்புத் தொட்ட ஆரஞ்சுச் சுளையைக் கையில் வைத்து, "எழுந்திருங்க அங்கிள், உட்கார்ந்தா கால் பிடிச்சுக்கும்" என்றாள். எழுந்தேன். மீதி எட்டுக் கிலோமீட்டரையும் பெரும்பாலும் நடந்தே முடித்தேன். ஐந்து மணி ஐம்பது நிமிடம்.

ஓட்டம் முடிந்த சில நாள்களில்தான் நான் சொல்ல வந்த பொருள் என் கண்ணில் பட்டது. ஓடியவர்கள் எழுதுகிறார்கள். கணக்காளர், வங்கி ஊழியர், பல் மருத்துவர், ஆசிரியை என்று வாழ்நாளில் ஒரு பக்கம்கூட எழுதியிராதவர்கள், ஓடி முடித்ததும் நான்கு பக்கம் எழுதி நண்பர்களுக்குத் தருகிறார்கள். ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி தம் ஓட்டங்களைப் பற்றி 2007இல் ஒரு நூலே வெளியிட்டார். ஏதென்சிலிருந்து மாரத்தான் வரை 1983இல் தனியே ஓடியதை அதில் சொல்கிறார். தமிழில் மா. சுப்பிரமணியன் அவர்கள் 'ஓடலாம் வாங்க' என்று எழுதினார். இவை அச்சேறிய நூல்கள். நான் சொல்வது அச்சேறாத பக்கங்களை. அவற்றுள் முப்பது, நாற்பது படித்திருப்பேன். தற்பெருமை இருக்கிறது. கூறியது கூறல் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரு பகுதி தவறாமல் வருகிறது. அடுத்த ஆண்டு ஓடப் போகிறவருக்குச் சொல்லும் பகுதி அது. "பாலத்தின் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும், அங்கே வேகம் வேண்டாம்." "இருபத்தெட்டுக்குப் பிறகு நிழல் இல்லை. தொப்பி கொண்டு போ." "இன்ன இடத்தில் தண்ணீர் தீர்ந்துவிடும். முந்தின இடத்திலேயே குடித்துக்கொள்." இப்படி.

இதைப் படித்தபோது, எங்கோ படித்தது போல இருக்கிறதே என்று தோன்றியது. எங்கு என்பது இரண்டு நாள் கழித்து நினைவுக்கு வந்தது. நண்பர்களே, இது ஆற்றுப்படை.

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படை என்பது உங்களுக்குத் தெரியும். பரிசில் பெற்று மீளும் கூத்தனோ பாணனோ, வழியில் எதிர்ப்படும் வறியவனைப் பார்த்து, நான் பெற்றேன், நீயும் போய்ப் பெறு, போகும் வழி இது என்கிறான். மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நன்னனைப் பாடிய அடிகள் ஒருபுறம் இருக்கட்டும். பெருங்கௌசிகனார் சொல்லும் வழியைப் பாருங்கள். பன்றிக்கு வைத்த பொறி உள்ள இடம், ஆகையால் விடிந்த பின்பு போக வேண்டும். பாம்பு உறையும் குழி உள்ள இடம், பார்த்துக் கடக்க வேண்டும். தினைப்புனக் காவலர் விடும் கவண்கல் வரும், மரத்தின் பின் ஒதுங்க வேண்டும். பாசி வழுக்கும் குளக்கரை, மூங்கில் கோலைப் பற்றிக்கொண்டு போக வேண்டும். பின்பு சேயாறு, அதன் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு போனால் ஊர் வரும். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு பழைமையான அந்த வழிகாட்டலில் ஒன்றுகூடப் பொதுவாகச் சொல்லப்படவில்லை. வழி கடினமானது என்று சொல்லிப் புலவர் நிறுத்திவிடவில்லை. எந்த இடத்தில், எதனால், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறார்.

ஆறு என்ற சொல்லுக்கு வழி என்பது ஒரு பொருள், நதி என்பது ஒரு பொருள். ஆற்றங்கரையில் தொடங்கி ஓடும் ஓட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டு பொருளிலும் ஆற்றுப்படைதான் எழுதுகிறார்கள். அவர்களுக்கு அது தெரியாது, அவ்வளவே. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஓட்டம் ஒரு போட்டி. ஆனால் இவர்கள் தாம் கண்ட இரகசியத்தைப் போட்டியாளருக்கே எழுதித் தருகிறார்கள். பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்வது என்னும் அந்தப் பழைய அறம், கணக்காளரும் பல் மருத்துவரும் எழுதிய இந்தப் பக்கங்களில் பிழைத்திருக்கிறது.

இனி என் வருத்தத்திற்கு வருகிறேன். சென்னைக்கு மூன்று ஆறுகள். கூவம், அடையாறு, கொசஸ்தலையாறு. மாரத்தான் முதலாவதன் கரையில் தொடங்குகிறது, இரண்டாவதைக் கடக்கிறது. எண்ணூரில் கடலோடு கலக்கும் மூன்றாவது ஆறு நம்முடையது. அதன் பக்கம் அது திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் இந்த நகரம் முதலில் வடக்கேதான் வழி வெட்டியது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை உப்பு நீர்க் கால்வாய் தோண்டப்பெற்றது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு, 1877–78இல் தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களைக் கொண்டு பின்னால்தான் வெட்டப்பெற்றது. அப்போது மூன்று ஆறுகளும் ஒரே நீர்வழியில் சேர்ந்தன. அதுவே பக்கிங்காம் கால்வாய்.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1870களில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் எழத் தொடங்கின. நம் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்கின்றன. சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்கே தங்கியது. மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை. ஆனால் அலை வந்தது. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரை கரைந்தது. குப்பங்களில் வீடுகள் போயின, தெருக்கள் போயின. இப்போது நமக்கு மணற்கரை இருந்த இடத்தில் கருங்கல் கொட்டிய சுவர் இருக்கிறது. ஓட்டக்காரர்கள் எந்தக் கடற்கரையைப் பார்த்துக்கொண்டு புறப்படுகிறார்களோ, அந்தக் கடற்கரையின் அகலத்தில் நமக்கு வந்து சேராத மணலும் கிடக்கிறது. இதில் ஓடியவர் குற்றம் ஏதும் இல்லை. அந்த மணலின் கதை தெரியாமல் நானும் அதன் ஓரமாகத்தான் ஓடினேன்.

இதை நம் மாதக் கூட்டம் ஒன்றில் சொன்னபோது, துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் சரக்கு ஏற்றி இறக்கி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் மறுத்துப் பேசினார். "மூட்டை தூக்கறவனும் வலை இழுக்கறவனும் ஞாயித்துக்கிழமை எழுந்து ஓடுவானாண்ணே? உட்கார்ந்து வேலை செய்றவனுக்குத்தான் ஓட்டம் வேணும். எங்களுக்கு வேண்டியது தூக்கம்" என்றார். அவையில் கைதட்டல் எழுந்தது. அவர் சொன்னதில் உண்மை இருந்தது. இந்த நகரில் ஒரு காலத்தில் ஓட்டம் வயிற்றுப்பாடு. மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷா 1973இல்தான் தமிழ்நாட்டில் ஒழிந்தது. அதுவரை ஓடியவர்கள் யாரும் மார்பில் எண் குத்திக்கொண்டு ஓடவில்லை. ஆனாலும் அவர் பதில் எனக்கு நிறைவு தரவில்லை. ஓட விரும்பாதது வேறு. ஓட முடியாதது வேறு. நம் பக்கத்தில் எது என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

நேப்பியர் பாலத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அரை மாரத்தானுக்கு ஒன்று குறைவு. போய்த் திரும்பினால் முழு மாரத்தானுக்கு இரண்டு குறைவு. ஒரு ஞாயிறு விடியலில், தெற்கே முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே ஓடினேன். மறுத்துப் பேசிய அந்த நண்பரே சைக்கிளில் தண்ணீர் எடுத்துக்கொண்டு துணைக்கு வந்தார். அந்த வழியை, ஓட்டக்காரர்கள் எழுதும் முறையில், அடுத்து ஓட வருபவருக்காகச் சொல்கிறேன்.

முதல் மூன்று கிலோமீட்டர் எளிது. இடப்பக்கம் கோட்டை, வலப்பக்கம் துறைமுகம். சாலை சமதளம். தலைமை அஞ்சலகத்தைத் தாண்டும்வரை அகன்ற நடைபாதை உண்டு. ஐந்தாவது கிலோமீட்டர் அளவில் இராயபுரம் ரயில் நிலையம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜாவுக்குப் புறப்பட்ட இடம். அதன் தூண்களைப் பார்க்க வேண்டுமானால் நின்று பாருங்கள். ஓடிக்கொண்டே பார்த்தால் குழியில் கால் மடங்கும்.

ஏழாவதில் காசிமேடு. தரை ஈரம். மீன்நீரும் பனிக்கட்டி உருகிய நீரும் கலந்த ஈரம், வழுக்கும். அங்கே ஓடாதீர்கள், நடந்து கடவுங்கள். கூடையோடு எதிரே வந்த அம்மா ஒருவர் என்னைப் பார்த்து, "யாரு தொரத்துறா, இப்படி ஓடியாரே?" என்றார். யாரும் இல்லை, சும்மா ஓடுகிறேன் என்றேன். அவர் என் நண்பரைப் பார்த்து, "பெரியவருக்கு ஒரு டீ வாங்கிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர்ப் பந்தல் இல்லாத வழி என்று எண்ணி வராதீர்கள். கேட்டால் கிடைக்கும், கேட்காமலும் கிடைக்கும்.

அதற்குப் பிறகு எண்ணூர் விரைவுச் சாலை. வலப்பக்கம் கற்சுவரும் கடலும். இடப்பக்கம் கன்டெய்னர் லாரிகள். துறைமுகத்திற்குள் போகக் காத்து நிற்பவை. நிற்கும் லாரியால் தொல்லை இல்லை. திடீரென்று நகரும் லாரியால் உண்டு. கடல் ஓரமாகவே ஓடுங்கள். லாரிக்கு எதிர்முகமாக ஓடுங்கள், முதுகு காட்டாதீர்கள். ஓட்டுநர்கள் வண்டியின் அடியில் துண்டு விரித்து உறங்குவார்கள். கால்களைப் பார்த்துத் தாண்டுங்கள்.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் திருவொற்றியூர், பட்டினத்தார் அடங்கிய இடம். அதன் உட்புறம் தியாகராயர் கோயில், வடிவுடையம்மன். ஏழுகிணற்று வீராசாமித் தெருவில் வாழ்ந்த இராமலிங்க அடிகள் இந்தக் கோயிலுக்குத்தான் நடந்து நடந்து வந்தார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வடிவுடை மாணிக்கமாலை இந்த வழியின் பயன். நடந்த புலவர்கள் வடக்கே வந்தார்கள். ஓடுகிறவர்கள்தாம் தெற்கே போகிறார்கள்.

இதுவரை நான் ஓடினேன். இதற்குப் பிறகு ஓட முடியவில்லை. கால் நன்றாக இருந்தது. மூச்சுதான் வரவில்லை.

சும்மா இருக்கும்போது நாம் நிமிடத்திற்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறோம். ஓடும்போது அது பத்து மடங்கு ஆகும். மூக்கு போதாமல் வாயாலும் இழுப்போம். ஓட்டக்காரர் வெயிலுக்கு அஞ்சி விடியலைத் தேர்ந்தெடுக்கிறார். விடியலில் நம் பக்கத்தில் காற்று கடலிலிருந்து வருவதில்லை. நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. அதாவது மணலியிலிருந்து திருவொற்றியூருக்கு வருகிறது. இரவின் குளிர்ந்த காற்று தரையோடு படிந்து கிடப்பதால், அதில் கலந்தது எதுவும் மேலே எழுந்து கலைவதும் இல்லை. தெற்கே ஓடுகிறவருக்கு எந்த நேரம் நல்ல நேரமோ, வடக்கே ஓடுகிறவருக்கு அதே நேரம் கெட்ட நேரம். எர்ணாவூர் வரும்போது தொண்டை எரிந்தது. நண்பர் சைக்கிளை நிறுத்தி, "முப்பது வருஷமா இதைத்தாண்ணே இழுத்தோம். நாங்க மெதுவா இழுத்தோம், நீ வேகமா இழுக்கற" என்றார்.

மீதியை நடந்தோம். எர்ணாவூர்க் கரையில்தான் 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெயை மக்கள் வாளியால் அள்ளினார்கள். தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இந்தக் கழிமுகம் முழுவதும் படர்ந்தது. அந்த மாத இறுதியிலேயே ஓர் இரவில் அம்மோனியா கசிந்து குப்பத்து மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். நம் பக்கத்தில் கூட்டமாக நடந்த ஓட்டம் அது ஒன்றுதான். அதற்கு யாரும் கொடியசைக்கவில்லை. பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள்.

முகத்துவாரத்தில் ஆறு குறுக்கே வந்துவிட்டது. மேலே ஓட நிலம் இல்லை. அரை மாரத்தானுக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தது. கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் சிலர் குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். பத்து மணி சுமாருக்குக் கடற்காற்று எழுந்தது. எழுந்ததும் மூச்சு சீராயிற்று. நல்ல காற்று. அதையும் சொல்ல வேண்டும்.

நண்பர்களே, இனி மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். பத்தாண்டுகளில் இந்த அவையில் புகை என்ற சொல்லை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. 'ஆலைப் புகை', 'கரும்புகை', 'புகை தின்னும் நகரம்'. எந்த ஆலை, எந்த நேரம், எந்தத் திசைக் காற்று என்று சொன்ன கவிதை எனக்கு நினைவில்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பெற்றது. நம் கவிதைகளில் அதன் புகைபோக்கிகள் இன்றும் புகைந்துகொண்டிருக்கின்றன. உண்மையில் கசிகிறவையோ நம் வரிகளில் இடம்பெறவே இல்லை, ஏனென்றால் அவற்றுக்கு நிறம் இல்லை. நாமும் தொலைவிலிருந்து பார்த்து எழுதுகிறவர்களைப் போலவே எழுதிவிட்டோம். நம் துயரைப் பொதுவாகப் பாடினோம். பொதுவாகப் பாடிய துயரை யாரும் மறுக்க வேண்டியதில்லை, அனுதாபப்பட்டுவிட்டுப் போய்விடலாம். பன்னிரண்டாவது கிலோமீட்டரில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு, மேற்கிலிருந்து வீசும் காற்றில் மூச்சு எரிகிறது என்று எழுதிப்பாருங்கள். அதற்கு யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

மாரத்தானை வடக்கே கொண்டுவாருங்கள் என்று தீர்மானம் போடச் சொல்லவில்லை. இன்றைய நிலையில் இருபதாயிரம் பேரை இந்தக் காற்றில் வாயைத் திறந்து ஓடவிடுவது நல்லதும் அன்று. ஆனால் ஓர் ஊர் மனிதர் வாழத் தக்கதா என்பதற்கு எளிய சோதனை, அந்த ஊரில் விடியலில் ஓட முடிகிறதா என்பது. ஓட விருப்பமில்லாதவர் உறங்கட்டும். அது அவர் உரிமை. ஓட விரும்பும் காசிமேட்டுப் பையனோ நெட்டுக்குப்பத்துப் பெண்ணோ, நேப்பியர் பாலம் வரை வந்து, தெற்கே திரும்பித்தான் மூச்சு விட வேண்டும் என்றால், அதற்குப் பெயர் வேறு.

மலைபடுகடாத்தின் புலவர் நன்னனைப் புகழ வந்தவர். ஆயினும் வழியில் பாம்பு உண்டு என்பதை மறைக்கவில்லை. பாம்பு உண்டு என்பதற்காக வழியைச் சொல்லாமலும் விடவில்லை. நம் ஆற்றுக்கும் அப்படி ஓர் ஆற்றுப்படை வேண்டும். கல்சுவரையும் சொல்ல வேண்டும், தேநீர் வாங்கிக் கொடுக்கச் சொன்ன அம்மாவையும் சொல்ல வேண்டும், பத்து மணிக் கடற்காற்றையும் சொல்ல வேண்டும். அளந்து சொல்ல வேண்டும். அதை எழுத எனக்குக் கவிதை வராது. காலால் அளந்ததை மட்டும் உங்கள் முன் வைத்துவிட்டேன்.

அன்று முகத்துவாரத்திலிருந்து பேருந்தில் திரும்பும்போது அந்த நண்பர் கேட்டார்: "அந்த ஒரு கிலோமீட்டர் குறைஞ்சுதேண்ணே, என்ன பண்றது?" அடுத்த முறை பாலத்துக்கு ஒரு கிலோமீட்டர் தெற்கிலிருந்து, அதாவது உழைப்பாளர் சிலைக்குச் சற்று அப்பாலிருந்து புறப்படலாம் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "சிலையாண்டயே நிக்கறேன், நீ வந்து சேரு" என்றார். அவருக்கு எழுபது வயது. அடுத்த ஜனவரியில் சைக்கிள் இல்லாமல், என்னோடு நடந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்களில் யார் வந்தாலும் மகிழ்வேன். காலை ஒன்பது மணிக்குப் புறப்படுவோம். வெயில் இருக்கும், மூச்சு வரும்.